வால் வச்ச சீட்டு

எங்க குப்பத்துல எவனாவது 'எதேச்சையா வந்தேன்'னு சொன்னா, கேக்கறவங்க மொதல்ல அவன் கையைப் பாப்பாங்க. கையில ஒண்ணும் இல்லன்னா மடியைப் பாப்பாங்க. மடியும் காலியா இருந்துச்சுன்னா, இவன் இன்னிக்கு நோட்டம் பாக்க வந்திருக்கான், நாளைக்கு வந்து தூக்கிக்கினு போவான்னு முடிவு கட்டிடுவாங்க. நான் இதுல ஊரை விட ஒரு படி மேல. என் கிட்ட அந்த வார்த்தையைச் சொன்னா அவன் வம்சத்தையே சந்தேகப்படுவேன்.

ஏன் படமாட்டேன்? எறா வாங்குற ஏவாரி இருக்காரு, ஏரியில வலை காஞ்சு கெடக்குற மாசமெல்லாம் ஆளே கண்ணுல படமாட்டாரு. எறா பட்ட அன்னிக்குப் பாத்து, ஐஸ் பொட்டியோட எதேச்சையா வருவாரு. பொண்ணு பாக்க வர்றவங்க பூவும் பழமும் தட்டுல வச்சுக்கினு, 'சும்மா எதேச்சையா இந்தப் பக்கம் வந்தோம்'னு சொல்லுவாங்க. அடுத்தவன் வலை கட்டக் கழி ஊணின எடத்துல விடியக்காலையில இடுப்பளவு தண்ணியில நிக்கிறவனை இன்னாப்பா இங்கன்னு கேட்டா, அவனும் எதேச்சையாத்தான் நிக்கிறான். இடுப்பளவு தண்ணியில ஒருத்தன் எதேச்சையா எப்படிப்பா நிப்பான்?

நிஜமாவே தானா நடக்கிற எதுக்கும் எங்க ஆளுங்க இந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாங்க. வலை நெறஞ்சு வந்தா ராசிம்பாங்க. வெறும் பாசியும் ஜெல்லியுமா வந்தா நேரம்பாங்க. படகு கவுந்து ஆள் பொழைச்சு வந்தா அம்மன் புண்ணியம்பாங்க. யாரும் ஒண்ணும் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லி வைக்கணும்னு இருக்கிறவன்தான் எதேச்சையைக் கூப்பிடுவான். பேப்பர்ல 'தற்செயலாக'ன்னு போடுவாங்க. அது மரியாதையான வார்த்தை, அதை யாரும் இங்க பேசி நான் கேட்டதில்ல. நான் வேலை பாக்குற மருந்துக்கடைக்குக் கண்ணு சொட்டு மருந்து வாங்க வர்ற ரிடையர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர், அந்தக் காலத்துப் புஸ்தகத்துல எதேச்சைன்னா இஷ்டப்படி பண்றதுன்னுதான் அர்த்தம்னு சொன்னாரு. ஆமா சார், எங்க ஊர்ல இன்னும் அந்த அர்த்தம் மாறலன்னேன். அவரு சிரிச்சாரு. நான் சிரிக்கல.

எனக்கு இந்த வார்த்தை மேல சொந்தக் கோவமும் உண்டு. என்னைக் கட்டிக் குடுத்தது சுண்ணாம்புக்குளத்துல. கட்டினவன் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பளையோட டீ குடிச்சுக்கினு இருந்ததை என் நாத்தனாரே பாத்துட்டு வந்து சொன்னா. கேட்டதுக்கு, எதேச்சையா பாத்தேன்னான். அடுத்த மாசம் அதே பொம்பளையோட ஆரம்பாக்கம் ஸ்டேஷன்ல. அதுவும் எதேச்சையாம். மூணாவது தடவை நானே பாத்தேன். நான் அங்க எதேச்சையா போகல, பஸ் ஏறி மெனக்கெட்டுப் போனேன். அன்னிக்கே பொட்டியைக் கட்டிக்கினு அண்ணன் வூட்டுக்கு வந்துட்டேன்.

அண்ணன் ஒரு கேள்வி கேக்கல. பொட்டியை வாங்கி உள்ள வச்சுட்டு, மறுநாளே வூட்டோட பின்பக்கம் சிமெண்ட் ஷீட் போட்டு எனக்குன்னு ஒரு ரூமு எறக்கிடுச்சு. நைனா செத்தப்புறம் எனக்கு இருந்தது இந்த அண்ணன் ஒருத்தர்தான். அண்ணி வாய் கொஞ்சம் நீளம், ஆனா சோத்துல வஞ்சனை வச்சதில்ல. ஒம்பது வருசமா அந்த வூட்லதான் இருக்கேன். காலையில பஸ் ஏறிப் பழவேற்காடு பஜார் மருந்துக்கடைக்குப் போவேன், சாயந்திரம் திரும்பி வருவேன்.

இப்ப சீட்டு விசயத்துக்கு வரேன். ஏரியில வலை கட்டுற எடத்தை எங்க ஆளுங்க பாடும்பாங்க. எல்லாப் பாடும் ஒண்ணு இல்ல. முகத்துவாரத்து ஓரம் இருக்கிற பாடுதான் ராஜா. மழை பேஞ்சு முகத்துவாரம் தெறந்து கடல் தண்ணி உள்ள ஏறுறப்ப, மொதல் பத்து நாள் அங்க எறா கொட்டும். எங்க ஊர்ல பதினாறு பங்கு. பங்குக்குப் பத்து நாள்னு முறை வச்சு அந்தப் பாட்டுல வலை கட்டணும். ஐப்பசியில ஒண்ணாம் நம்பர் ஆரம்பிச்சா, பதினாறாம் நம்பரு முறை வர்றப்ப பங்குனி வெயில் ஆயிடும், தண்ணி வத்தி உப்பேறிக் கெடக்கும். ஒண்ணாம் நம்பர் வந்த வூட்டுல அந்த வருசம் கல்யாணமே பண்ணலாம். பதினாறு வந்த வூட்டுல கஞ்சியை நீட்டிக் குடிக்கணும்.

யாருக்கு எந்த நம்பர்னு புரட்டாசி கடைசி ஞாயித்துக்கெழமை காலையில அம்மன் கோயில் முன்னாடி சீட்டு எடுப்பாங்க. சீட்டைப் போடறது பறியில. கையால எறா தடவிப் பிடிக்கிறவங்க பல்லுல கடிச்சுக்கினு தண்ணிக்குள்ள போவாங்களே, அந்தப் பனையோலைக் கூடை. வாய் குறுகலா இருக்கும், கை மட்டும்தான் போகும், கண்ணு போகாது. எடுத்ததை அங்கயே பிரிச்சுப் படிக்கணும். பதினாறு சீட்டையும் ஒரு குங்கும டப்பாவுல போட்டு அடுத்த வருசம் வரைக்கும் அம்மன் காலடியில வச்சிருப்பாங்க. சீட்டுல எவனாவது சூது பண்ணினது தெரிஞ்சா, அவன் பங்கு ஒரு வருசம் ஏரியில எந்தப் பாட்டுலயும் கழி ஊணக் கூடாது. இதுக்கு மேல முறையீடு கெடையாது, போலீஸ் ஸ்டேஷன் கெடையாது.

முன்னாடி சீட்டு எழுதுனவரு அவரே ஒரு பங்குக்காரர். எழுதறவன் எடுக்கலாமான்னு ஒரு வருசம் கச்சேரி ஆயிடுச்சு. பங்கே இல்லாத ஆளு எழுதட்டும்னு ஊர்த் தலைவர் முடிவு பண்ணாரு. பங்கு இல்லாத ஆளுன்னா எங்க ஊர்ல பொம்பளைங்கதான். மருந்துக்கடையில வேலை, கையெழுத்து நல்லா இருக்கும்னு என்னைச் சொன்னாங்க. எனக்கு அதுல ஒரே பெருமை. புருசன் வூட்டுலேர்ந்து திரும்பி வந்தவளா என்னைப் பாத்த ஊரு, அவங்க வருசத்தை என் கையில குடுத்துட்டுப் போகுதேன்னு. தினத்தாள் காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் நம்பர் எழுதி, மடிச்சு, டப்பாவுல போட்டுத் தலைவர் வூட்டுல குடுத்துடுவேன். நாலு வருசம் ஒரு சத்தம் இல்ல.

அஞ்சாவது வருசம் அண்ணனுக்கு ஒண்ணாம் நம்பர் வந்துச்சு. ஊரே சந்தோசப்பட்டுச்சு. எதிர்வூட்டுக்காரர்னு ஒருத்தர், அவரும் பங்குக்காரர்தான், அவரே வந்து அண்ணன் முதுகுல தட்டி ராசிக்காரன்பா நீன்னு சொல்லிட்டுப் போனாரு.

ஆறாவது வருசமும் அண்ணனுக்கு ஒண்ணு. இந்தத் தடவை யாரும் முதுகுல தட்டல. அதே எதிர்வூட்டுக்காரர் கோயில் வாசல்லயே நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு.

"எழுதறது தங்கச்சி, எடுக்கறது அண்ணன். ரெண்டு வருசமும் ஒண்ணு. எதேச்சையாத்தான் இருக்கும்."

நான் அப்ப தண்ணி டேங்க் பக்கம் நின்னுக்கினு இருந்தேன். சீட்டு எடுக்கறப்ப பொம்பளைங்க கிட்ட வரக் கூடாது, அது முறை. எனக்குத் தலைக்கு மேல ஏறிடுச்சு. முறையாவது மண்ணாவதுன்னு நேரா உள்ள போய், சூடத்தை ஏத்துங்கன்னேன். எங்க அண்ணனும் நானும் கனவுல கூட சூது நெனைச்சதில்ல, நெனைச்சிருந்தா இந்தக் கை அழுகிப் போகட்டும்னு எரியிற சூடத்தை அடிச்சு அணைச்சேன். உள்ளங்கை கொப்புளிச்சுப் போச்சு. எதிர்வூட்டுக்காரர் வாயை மூடிக்கினாரு. சத்தியத்துக்கு அப்புறம் பேசினா அவரு மேல திரும்பும். அண்ணன் அங்கதான் நின்னுக்கினு இருந்துச்சு. தலையைக் குனிஞ்சுக்கினு இருந்துச்சு. பாவம், அவமானத்துல நிக்குதுன்னு நெனைச்சேன்.

சத்தியம் பண்ணிட்டேனே தவிர, எனக்கு மனசு ஆறல. ரெண்டு வருசமும் ஒண்ணு எப்படி வரும்? எதேச்சையா வந்துச்சுன்னு நானே எனக்குச் சொல்லிக்க முடியல, அந்த வார்த்தை என் தொண்டையில எறங்காது. எவனோ பண்ணியிருக்கான். எங்க அண்ணன் பேரைக் கெடுக்க எதிர்வூட்டுக்காரரே பண்ணியிருப்பாரோ? பறியைக் குலுக்குற பூசாரி? டப்பாவை ராத்திரி வூட்டுல வச்சிருக்கிற தலைவர்? ஒவ்வொருத்தரா நிக்க வச்சு மனசுக்குள்ள விசாரிச்சேன். பூசாரியைப் பாத்து ரெண்டு வாரம் விபூதி வாங்கல. எல்லாரையும் சந்தேகப்பட்டேன், ரெண்டு பேரை விட்டுட்டு. ஒண்ணு அண்ணன். இன்னொண்ணு நான்.

தை மாசம் போல இருக்கும், லைட்ஹவுஸ் குப்பத்துலேர்ந்து கருவாடு காயப்போடற ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. படிக்கத் தெரியாதவங்க. காலை, மதியம், சாயந்திரம்னு மூணு மாத்திரைப் பொட்டலம் மடிச்சுக் குடுத்தேன். வாங்கிப் பாத்துட்டு, "வால் வச்சது காலைக்குத்தானேம்மா?"ன்னாங்க.

இன்னா வாலுன்னேன். அவங்க ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாங்க. மடிப்போட ஒரு மூலையை இழுத்து, கோணலா வெளிய நீட்டி விட்டிருந்தேன். மத்த ரெண்டும் சதுரமா இருந்துச்சு. நீதானே எப்பவும் மொதல் பொட்டலத்துக்கு வால் வைப்ப, அதை வச்சுத்தான் நாங்க காலைக்குப் போட்டுக்கறதுன்னு அவங்க சொல்றாங்க. கடையில சேந்த புதுசுல, படிக்காதவங்களுக்குத் தெரியட்டும்னு நான் ஆரம்பிச்ச பழக்கம் அது. அப்புறம் அதை நான் மறந்தே போய்ட்டேன். கை மறக்கல. எத்தனை பொட்டலம் மடிச்சாலும் மொதல்ல மடிக்கிறதுக்கு அது பாட்டுக்கு வால் வச்சுக்கினு இருந்திருக்கு. சீட்டு மடிக்கிறப்ப மொதல்ல மடிக்கிறது எது? ஒண்ணு.

அந்த வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போனேன். பூசாரி பின்பக்கம் பூ பறிக்கப் போயிருந்த நேரம் பாத்து, அம்மன் காலடியில இருந்த குங்கும டப்பாவைத் தெறந்தேன். யாராவது பாத்துக் கேட்டிருந்தா எதேச்சையா தெறந்தேன்னுதான் சொல்லியிருப்பேன், வேற இன்னா சொல்றது. பதினாறு சீட்டும் பிரிச்ச வாக்குல கெடந்துச்சு. பதினஞ்சு சீட்டுல நேர் மடிப்பு. ஒண்ணுன்னு எழுதின தாள்ல மட்டும் மூலையில குறுக்கா ஒரு கோடு. நான் சூடம் அடிச்ச கையாலயே அதைத் தடவிப் பாத்தேன்.

அண்ணனுக்கு பிரஷர். ரெண்டு வருசமா நான்தான் கடையிலேர்ந்து மாத்திரை மடிச்சு எடுத்துக்கினு வந்து பிஸ்கட் டின்னுல போட்டு வைப்பேன். மறுநாள் காலையில அண்ணன் டிவியில நியூஸ் பாத்துக்கினு இருக்கறப்ப நான் ஓரமா நின்னு பாத்தேன். கண்ணு டிவி மேல இருக்கு. கை டின்னுக்குள்ள போச்சு. நாலு பொட்டலத்தைத் தடவிட்டு, வால் வச்சதை எடுத்துக்கினு வெளிய வந்துச்சு. குனிஞ்சு கூடப் பாக்கல.

கேட்டிருக்கலாம் இல்ல? ஒரே வூடு, ஒரே சோறு, அண்ணா நீ தெரிஞ்சு எடுத்தியான்னு ஒரு வார்த்தை. கேட்டா எதேச்சைன்னு சொல்லிடுமோன்னு பயந்தேன். கட்டினவன் சொன்னப்ப பொட்டியைத் தூக்கிக்கினு அண்ணன் வூட்டுக்கு வந்தேன். அண்ணன் சொன்னா எங்க போறது?

ஆனா தெரிஞ்சுக்காமலும் இருக்க முடியல. இது என் குணம், நான் மறைக்கல. அண்ணன் சாப்பிட்டா பாப்பேன், தூங்கினா பாப்பேன். எதிர்வூட்டுக்காரரைப் பாத்து அது சிரிச்சா, ஏன் சிரிக்குதுன்னு யோசிப்பேன். அண்ணியையும் விடல. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு ஒரு நாள் பாத்திரம் கழுவறப்ப போட்டு வாங்கப் பாத்தேன். உனக்கு இன்னா கிறுக்கு புடிச்சிருக்குன்னு அவங்க கரண்டியைக் கீழ போட்டாங்க.

ஏழாவது வருசம் சீட்டு எழுதற நேரம் வந்துச்சு. ஒழுங்கான பொம்பளையா இருந்தா எல்லா சீட்டையும் ஒரே மாதிரி மடிச்சுக் குடுத்துட்டுப் பேசாம இருந்திருப்பா. விசயம் அதோட முடிஞ்சிருக்கும். நான் ஒண்ணுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் சதுரமா மடிச்சேன். பதினாறுக்கு மட்டும் வால் வச்சேன், நல்லா இழுத்து, கையில குத்துற மாதிரி. அண்ணன் திருடனா இருந்தா பதினாறை எடுக்கட்டும். வூட்டுல எல்லாரும் கஞ்சி குடிப்போம், நானும் சேந்து குடிப்பேன், ஆனா தெரிஞ்சு போயிடும். நான் மடிச்சு முடிச்சப்ப அண்ணி, உனக்குன்னு சுட்டேன்னு ரெண்டு நண்டு கொண்டாந்து வச்சாங்க. அதைத் தின்னேன்.

ஞாயித்துக்கெழமை தண்ணி டேங்க் பக்கம் நின்னேன். அங்கேர்ந்து பாத்தா பறியும் எடுக்கறவங்க கையும் நல்லாத் தெரியும். அண்ணனோட முறை ஆறாவது. அஞ்சு பேரு எடுத்து முடிச்சாங்க, வால் இன்னும் உள்ளதான் இருந்துச்சு. அண்ணன் துண்டை இடுப்புல கட்டிக்கினு கையை உள்ள விட்டுச்சு. மத்தவங்க விட்டதும் எடுத்தாங்க. அண்ணன் கை உள்ளயே நின்னுச்சு. எடுக்காதண்ணா, எடுக்காதண்ணான்னு வாய்க்குள்ள சொல்லிக்கினு இருந்தேன். பொறி வச்சவளும் நான்தான், சிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினவளும் நான்தான்.

கை வெளிய வந்துச்சு. சீட்டு சதுரமா இருந்துச்சு. பதினொண்ணு.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எங்க அண்ணன் நல்லவன், நான்தான் பாவின்னு டேங்க் சுவத்துல தலையைச் சாச்சுக்கினேன். அதுக்கப்புறம் எடுத்தவங்கள்ல எதிர்வூட்டுக்காரர் கையோடதான் வால் வெளிய வந்துச்சு. பிரிச்சுப் பாத்து, பதினாறுன்னாரு. மொகம் செத்துப் போச்சு. அவரு சம்சாரமும் என் கிட்டதான் சுகர் மாத்திரை வாங்கறாங்க. அவரு தெரிஞ்சு எடுத்தாரா, கையில பட்டதை எடுத்தாரான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவரை இன்னும் சந்தேகப்படுறேன்.

நான் பாக்காத ஒண்ணு இருந்துச்சு. அவரு அந்தச் சீட்டைப் பிரிக்கறப்ப அண்ணனும் பாத்துக்கினு இருந்துச்சு.

மத்தியானம் சோறு போட்டேன். அண்ணி கோயில்ல குங்குமம் வாங்கப் போயிருந்தாங்க. அண்ணன் கொழம்பை ஊத்திப் பெசைஞ்சுக்கினே இருந்துச்சு, வாயில வைக்கல. அப்புறம் தட்டைப் பாத்துக்கினே பேசுச்சு. மொத தடவை ஒண்ணு வந்தப்ப கையில பட்டதை எடுத்ததாம். பிரிக்கறப்பதான் வாலைப் பாத்துச்சாம், அட, இது நம்ம மாத்திரை மடிப்பாச்சேன்னு நெனைச்சுச்சாம். போன வருசம் பறிக்குள்ள விரல்ல பட்டுச்சு, விட மனசு வரல, தெரிஞ்சேதான் எடுத்தேன்னுச்சு. நீ உள்ள வந்து சூடம் அடிச்ச இல்ல, அந்தக் கொப்புளம் ஆற ஒரு மாசம் ஆச்சு, அந்த ஒரு மாசமும் உன் கையால சோறு வாங்கித் தின்ன எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமான்னுச்சு. இந்த வருசமும் வால் விரல்ல பட்டுச்சாம். இதுதான் ஒண்ணு, பாவம் இவ மறுபடியும் பழக்கத்துல வச்சுட்டா, இதை எடுத்தா இந்தத் தடவை ஊரு இவளைக் கிழிச்சுடும்னு ஒதுக்கிட்டு வேற எடுத்துச்சாம்.

அப்புறம்தான் தலையைத் தூக்கி என்னைப் பாத்துச்சு.

"அதுல பதினாறு இருந்துச்சே. எனக்கு வச்சதா?"

பொய் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

"ஆமாண்ணா. உனக்குத்தான் வச்சேன்."

அண்ணன் கோவப்படல. கோவப்பட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன், நீ மட்டும் யோக்கியமான்னு கேட்டிருப்பேன். மெதுவா சொல்லுச்சு.

"போன வருசம் என்னை நம்பாம இருந்திருக்கணும் நீ. இந்த வருசம் நம்பியிருக்கணும்."

தட்டுல கையைக் கழுவிட்டு எழுந்து போச்சு. அந்தச் சோத்தைக் கொட்ட மனசு வராம நானே சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில வெளுத்த சட்டையைப் போட்டுக்கினு கெளம்புச்சு. எங்கன்னு அண்ணி கேட்டாங்க, தலைவர் வூட்டுக்குன்னு சொல்லுச்சு. நான் கடைக்குப் போற பஸ்ஸை விட்டுட்டு வூட்டுலயே நின்னேன். ஒரு மணி நேரத்துல ஊரே கோயில் முன்னாடி கூடிடுச்சு. அண்ணி ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்து, தலையில அடிச்சுக்கினு அழுதுக்கினே சொன்னாங்க. போன வருசம் மடிப்பு தெரிஞ்சுதான் எடுத்தேன், என் தங்கச்சி அடிச்ச சத்தியம் என்னால பொய்யாச்சு, பாவம் என்னுதுன்னு அண்ணன் எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டுச்சாம். பதினொண்ணாம் சீட்டைத் தலைவர் கையில திருப்பிக் குடுத்துட்டுச்சாம். ஒரு வருசம் எங்க பங்கு ஏரியில எறங்கக் கூடாதுன்னு தீர்ப்பு ஆயிடுச்சு. முகத்துவாரமும் இல்ல, வேற எந்தப் பாடும் இல்ல. இனிமே இந்த மனுசன் எங்க போய் கூலிக்கு நிக்கும், இந்த வருசம் எப்படி ஓடும்னு அண்ணி சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க.

எதிர்வூட்டுக்காரர் விடலையாம். சரிப்பா, உன் தங்கச்சி மடிப்புல வால் வந்தது எப்படி, இந்த வருசம் அது ஒண்ணுலேர்ந்து பதினாறுக்கு வந்தது எப்படின்னு கேட்டாராம். எல்லாரும் அண்ணன் மொகத்தையே பாத்தாங்களாம்.

அவளுக்கு ஒண்ணும் தெரியாது, எதேச்சையா விழுந்த மடிப்புன்னு அண்ணன் சொல்லுச்சாம். தன் தலையிலயே மண்ணை வாரிப் போட்டுக்கினு நிக்கிறவன் இதுல மட்டும் பொய் சொல்வானான்னு ஊரு தலையாட்டிடுச்சாம். ஒருத்தர் கூட மேல கேக்கல.

நான் கதவுப் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். கோயில் கூப்பிடு தூரம்தான். போய், அது பொய், அந்த மடிப்பை நான்தான் வச்சேன்னு சொல்லியிருக்கலாம். நான் போகல.